வறுத்தது என்று எழுதினேன்

சின்ன வயதிலிருந்தே என் அக்கா என்னை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவாள். யாராவது ஏதாவது கேட்டால், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லியிருப்பேன். பழத்துக்குள் அடங்கி இருக்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற கொட்டை அது. அதனால் அவசரக்குடுக்கைகளுக்கு எல்லாம் அந்தப் பெயர். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் முந்திரித் தோப்பாக இருக்கிற பக்கத்தில் பிறந்துவிட்டு இதற்குக் கோபப்பட்டால் நடக்குமா? ஆனாலும் நான் கோபப்படுவேன். பெயர் பொருத்தமாக இருந்ததுதான் காரணம்.

அக்காவைக் கட்டிய மாமா மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்று சொன்னால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, பின்பக்கம் கொட்டையை வறுக்கிற இரும்பு டிரம், சூடேற்றி வைத்த ஒரு சின்ன அறை, ஓடு உடைக்கவும் தோல் உரிக்கவும் பத்துப் பெண்கள். பதினோராவது ஆள், டிரம் சுற்றுகிற அம்மா. அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். எங்களுக்குச் சொந்தம் இல்லை, வயதுக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அவர் என்னைப் பாப்பா என்பார், மாமாவைத் தம்பி என்பார்.

முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் பொத்துப்போகும். கொட்டையை டிரம்மில் போட்டுத் தீயில் சுற்றும்போது அந்த எண்ணெய் பற்றி எரியும், கரும்புகை கிளம்பும், ஓடு கருகி நொறுங்குகிற பதத்துக்கு வரும். அந்தப் பதம் தப்பினால் போச்சு. கொஞ்சம் முந்தினால் ஓடு உடையாது, கொஞ்சம் பிந்தினால் உள்ளே பருப்பு தீய்ந்துவிடும். பெரியம்மா புகையின் நிறத்தைப் பார்த்தே நிறுத்துவார். அவருடைய இரண்டு முன்னங்கையிலும் பழைய தீப்புண் தழும்புகள் இருந்தன. விரல் நுனிகள் எந்த நாளும் கருப்பாகத்தான் இருக்கும், எந்த சோப்புக்கும் போகாது.

இவ்வளவு தீயைப் பார்த்த பிறகும் உள்ளே இருக்கிற பருப்பு பச்சைதான். உடைத்தெடுத்து, சூட்டறையில் காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்துப் பையில் அடைப்பார்கள். சில கம்பெனிகளில் டிரம் கிடையாது, கொட்டையை ஆவியில் அவித்து உடைப்பார்கள். அதனால் பண்ருட்டி வியாபாரிகள் முதலில் கேட்கிற கேள்வியே, "வறுவலா, அவிச்சதா?" என்பதுதான். வறுவல் பருப்புக்கு வாசனை ஜாஸ்தி, மதிப்பும் ஜாஸ்தி. மாமா அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். "நம்மள்ட்ட எல்லாம் வறுவல்தான்" என்று சொல்லும்போது அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

நான் அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பி.காம். முடித்திருந்தேன், கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆங்கிலம் வரும் என்ற எண்ணம் எனக்கே கொஞ்சம் அதிகமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வராது என்பதால் அதைச் சோதித்துப் பார்க்கவும் ஆள் இல்லை.

அதுவரைக்கும் மாமா பண்ருட்டி வியாபாரிகளிடம்தான் சரக்கைப் போடுவார். அவர்கள் தங்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வருடம், வளைகுடாவில் வேலை பார்க்கும் சிநேகிதர் ஒருவர் மூலமாக, அங்கே ஒரு கடைக்காரர் மாமாவிடமே நேராகச் சரக்கு கேட்டார். முதல் தடவையாக மாமாவின் சொந்தப் பெயரில் கண்டெய்னர் பெட்டி கப்பல் ஏறப் போகிறது. அதற்காக மூன்று மாதம் வேறு எவருக்கும் பருப்பு கொடுக்காமல் சேர்த்து வைத்தார். இது நல்லபடியாகப் போனால் கொட்டகையைப் பெரிதாக்கலாம், இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். வேலை செய்கிற பெண்களுக்கும் அது தெரியும்.

கஸ்டம்ஸ் காரியங்களைப் பார்க்கிற சென்னை ஏஜெண்டின் ஆள் ஒரு மாதிரி இன்வாய்ஸை வாட்ஸாப்பில் அனுப்பினார். இதைப் பார்த்து அப்படியே அடித்து அனுப்புங்கள் என்றார். ஆங்கிலம் தெரிந்தவள் என்று மாமா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். சரக்கு என்ன என்று கேட்கிற இடத்தில் முந்திரிப் பருப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. என்ன பருப்பு, எப்படிப்பட்ட பருப்பு என்று சொல்ல வேண்டாமா? முன்னால் 'ரோஸ்டட்' என்று ஒரு சொல் சேர்த்தேன். யாரும் என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் மாமா வந்து பார்த்தார்.

"இன்னாம்மா போட்டிருக்க?"

"நம்ம வறுவல் பருப்புன்னு போட்டிருக்கேன் மாமா."

"அத்தப் போட்டது நல்லதாப் போச்சு. அவிச்சதுன்னு நெனச்சிக்கப் போறாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா அந்தத் தாளை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

உலகத்தில் விற்கிற எல்லாப் பொருளையும் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எண் போட்டு வைத்திருக்கிற ஒரு புத்தகம் கஸ்டம்ஸில் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. காய்ந்த பருப்பும் கொட்டையும், ஓடு எடுத்தாலும் தோல் உரித்தாலும், எட்டாவது அத்தியாயம். அதே பருப்பை வறுத்து, உப்பு போட்டு, அப்படியே வாயில் போடுகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இருபதாவது அத்தியாயம். அந்தப் புத்தகத்துக்கு வறுத்தது என்றால் டீக்கடை பாட்டிலில் உப்பும் மிளகாய்த்தூளும் பூசிக்கொண்டு இருக்கிறதே, அது. நாங்கள் வறுத்தது ஓட்டை, பருப்பை அல்ல. வளைகுடாவில் வாங்குகிறவரிடம் இருந்த அனுமதியும் எட்டாவது அத்தியாயத்துக்குத்தான், அதுவும் ஒரு கெடு வரைக்கும்தான்.

ஏஜெண்டின் ஆள் வழக்கம்போல எட்டாவது அத்தியாயத்து எண்ணைப் போட்டு மனு செய்துவிட்டார். என் இன்வாய்ஸ் இருபதாவது அத்தியாயத்தைச் சொன்னது. ஒரே சரக்குக்கு இரண்டு காகிதம் இரண்டு பெயர் சொன்னால் யார் விடுவார்கள்? துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். ஏஜெண்டின் ஆள் எனக்குப் போன் போட்டு, "மேடம், உங்க சரக்கு எட்டா, இருவதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பை எத்தனை என்று கேட்கிறார் என நினைத்து, இருபது இல்லை சார், ஜாஸ்தி இருக்கும் என்றேன். அவர் அந்தப் புத்தகத்தின் பெயரை வாட்ஸாப்பில் அனுப்பினார்.

பைகளை அறுத்து மாதிரி எடுத்தார்கள். லேபுக்கு அனுப்பினார்கள். எதற்காக வேறு பெயரில் சரக்கு அனுப்பப் பார்த்தீர்கள் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நான் அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் போனில் இறக்கி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். கெடாமல் இருப்பதற்காக மிதமாகச் சூடு காட்டினால் அத்தியாயம் மாறாது என்று ஒரு குறிப்பு இருந்தது. அதை வைத்து நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், ஆனால் வாலையாவது கெட்டியாகப் பிடித்தேன்.

பதில் நன்றாக இருக்கிறது என்றார் ஏஜெண்டின் ஆள். பிறகு ஒன்று சொன்னார். மாமாவும் நானும் கொட்டகையில் நின்று ஸ்பீக்கரில் கேட்டோம்.

"சரி மேடம், அப்புறம் ஏன் ரோஸ்டட்னு எழுதினீங்கன்னு கேப்பாங்க. படிச்சவங்க ஆபீஸ்ல உக்காந்து எழுதினதுன்னா, தெரிஞ்சே செஞ்சதா எடுத்துப்பாங்க. வேலை செய்ற யாரோ தப்பா சொல்லிட்டாங்க, அத நம்பி எழுதிட்டோம்னு அவங்ககிட்டயே ஒரு ஸ்டேட்மெண்ட் வாங்கி வெச்சிடுங்க. படிக்காதவங்க மேல யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

போனை வைத்த பிறகு மாமா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உனுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்காங்க. இந்த நேரத்துல உம்பேர்ல ஒரு கேஸு கீசுன்னு வந்தா உங்க அக்காவுக்கு யார் பதில் சொல்றது? அவுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. ஒரு பேப்பர்தான."

நான் சரி என்று தலையாட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது. கஸ்டம்ஸ் என்றாலே தங்கம் கடத்துகிறவர்களைப் பிடித்துக்கொண்டு போகிற படம்தான் மனதில் வந்தது. சிதம்பரத்திலிருந்து பெண் பார்க்க வரப்போகிறவர்களின் முகமும் வந்தது. மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே தமிழில் அடித்தேன். 'பருப்பை வறுத்து அனுப்புகிறோம் என்று நான்தான் அலுவலகத்தில் தவறாகச் சொன்னேன். அதனால் ஏற்பட்ட பிழைக்கு நானே காரணம்.' இரண்டு வரி. பிழையில்லாமல் அடித்தேன்.

கொட்டகைக்குக் கொண்டுபோனபோது மத்தியானம். டிரம் ஆறிக்கொண்டிருந்தது. பெரியம்மா கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது.

"இன்னா பாப்பா எழுதியிருக்க?"

"நீங்க செய்ற வேலையப் பத்திதான் பெரியம்மா. வறுக்கிறீங்கன்னு எழுதியிருக்கு."

"ஆமா, அதத்தான செய்றேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, நேரம் எடுத்துப் போட்டார். தாளை அழுத்திப் பிடித்த இடத்தில் அவர் விரலின் கறை ஒட்டிக்கொண்டது. வேறு பிரதி எடுக்கலாமா என்று யோசித்தேன். மறுபடி ஒரு தடவை அவரிடம் போய் நிற்கத் தைரியம் வராது என்பதால் அதையே அனுப்பினேன்.

லேப் முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. பருப்பு பச்சைதான், எட்டாவது அத்தியாயம்தான், பெட்டியை விடலாம் என்று வந்தது. என் நான்கு பக்கக் கடிதத்தில் இருந்தது அத்தனையும் சரி என்று ஒத்துக்கொண்டார்கள். பெரியம்மாவின் காகிதத்தை யாரும் கேட்கவே இல்லை, அது பாட்டுக்குக் கோப்பில் கிடந்திருக்கிறது. அதற்குள் வளைகுடாக்காரரின் கெடு முடிந்து, அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். சரக்கு லாரியில் திரும்பி வந்தது. அறுத்த பைகளைச் சரியாக ஒட்டாமல் மழைக்காலத்துக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். மாமா ஒரு பையைப் பிரித்து ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். சிக்கு வாடை எனக்கே அடித்தது. அவர் துப்பவில்லை, மென்று விழுங்கினார். அடுத்த பையில் வண்டு ஓடியது.

கம்பெனியை மூடுகிற அன்றைக்கு எல்லாப் பெண்களும் கொட்டகையில் நின்றார்கள். எடை போடுகிற தராசுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஏன் தம்பி இப்படி ஆச்சு, சரக்கில் என்ன குறை என்று ஒருத்தர் கேட்டார். மாமா கெட்ட மனிதர் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் மூன்று மாத உழைப்பு வண்டு பிடித்துக் கிடக்கும்போது, கேட்கிறவர்களுக்கு ஏதோ ஒரு பதில் வேண்டியிருந்தது.

"டிரம்முல இருந்து தப்பா சொல்லிட்டாங்க. அது பேப்பர்ல ஏறி, அங்க போயி மாட்டிக்கிச்சி."

பத்துப் பேரும் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதலில் புரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார், அங்கே வேறு யாரோ நிற்கிற நினைப்பில். பிறகு, "நான் வறுக்கிறேன்னுதான தம்பி சொல்லுவேன். வேற இன்னா சொல்றது?" என்றார்.

"வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்ல" என்றாள் ஒரு பெண். அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பாவம் தராசுக்குப் பக்கத்தில் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு நின்றது. நான் பேசியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். யாரும் கேட்காததற்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள், அன்றைக்கு அத்தனை பேர் பதிலுக்காக நின்றும் வாயைத் திறக்கவில்லை. அது கோழைத்தனம், வேறு பெயர் அதற்குக் கிடையாது. பெரியம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியே போனார். மற்றவர்கள் யாரும் அவரோடு சேர்ந்து போகவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிச் சிதம்பரத்துக்கு வந்தேன். கேஸும் இல்லை, கீசும் இல்லை. தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு சின்னக் கடை எடுத்து, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து, மனு எழுதுவது, ஆன்லைனில் பதிவு செய்வது என்று நடத்துகிறேன். நான் எழுதினால் திரும்பி வராது என்று பேர். மாமா இப்போது பண்ருட்டியில் இன்னொருவர் கம்பெனியில் தரம் பிரிக்கிற மேஜையில் நிற்கிறார். அந்த இன்வாய்ஸைப் பற்றி இன்று வரைக்கும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அக்காவும் சொன்னதில்லை. ஆனால் அவள் என்னை முந்திரிக்கொட்டை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று கூட எனக்குத் தெரியாது. இப்போது பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

போன வருடம் ஒரு காலை நேரத்தில் பெரியம்மா என் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார், முடி முழுக்க வெளுத்திருந்தது. கையை வைத்துத்தான் முதலில் அடையாளம் கண்டேன். புவனகிரியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பஸ் ஏறி வந்திருந்தார்.

"நீ இங்க கடை வெச்சிருக்கன்னு தம்பி சொன்னாரு. வேற எவங்கிட்ட போனாலும் தப்பும் தவறுமா எழுதுவான். அதான் உன்னத் தேடிக்கினு வந்தேன்" என்றார்.

தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்கிற ஃபாரம். உட்கார வைத்து டீ சொன்னேன். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். தொழில் என்ற இடம் வந்தது. எனக்குத் தெரிந்ததுதானே என்று எழுதப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வறுக்கிறதுன்னு மட்டும் எழுதாத பாப்பா. வேற எதுனா போடு. அந்த ஒரு வார்த்தைய நான் வாய் தவறி சொன்னதாலதான் அத்தினி பேரு பொழப்பும் போச்சு. தம்பி அவுரு கம்பெனியே போச்சு. இன்னிக்கும் பஸ்ஸுல அவளுங்க யாரயாவது பாத்தன்னா மூஞ்சத் திருப்பிக்கிறேன்."

இத்தனை வருடமும் அவர் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பொய் என்று கூட நினைக்கவில்லை, ஏனென்றால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த வார்த்தையை அவர் சொல்லத்தான் செய்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "நீங்க சொல்லல பெரியம்மா. உங்கள யாரும் கேக்கவே இல்ல. நானாத்தான் எழுதினேன். தப்பு என்னுது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ வந்தது, தொடவில்லை. அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது வந்தாலும் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"அப்ப எங்கிட்ட ஏன் பாப்பா கையெழுத்து வாங்கின?"

சத்தமே இல்லாமல் கேட்டார். தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இருந்தது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பயந்துவிட்டேன், படிக்காதவர்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றார்கள். அதைச் சொல்லாமல் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் பாதி எழுதிய ஃபாரத்தை மேஜையிலிருந்து எடுத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். படி இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரில் இருக்கிற கடையில் போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் அந்தக் கடைக்காரர் ஃபாரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன தொழில்மா?" என்று சத்தமாகக் கேட்டார். பெரியம்மா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.